நீரறிந்து தூண்டில் எடுப்போம்

விடியுமுன் பால்வெட்டுக்குப் போய், வெட்டி முடித்து, பாலெடுத்து ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. அதன்பின் கிடைக்கும் பிற்பகலும் வார ஓய்வு நாளும் நமக்கே உரியவை. அந்த ஓய்வை ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ தூண்டிலோடு கழிப்பது தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். நம் மூத்தோர்க்கு அது வெறும் பொழுதுபோக்கு அன்று. மாலைக் குழம்புக்கு அதுவே வழி. ஒரு மூங்கிற்கோலும், நாலு முழ நரம்பும், ஒரு முள்ளும், மண்புழு நிறைந்த ஒரு தகர டப்பாவும் இருந்தால் போதும் என்று அவர்கள் புறப்பட்டார்கள்.

இன்று பட்டணத்துக் கடைகளில் தூண்டிற் கருவிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. புதிதாகத் தூண்டில் பிடிக்கும் இளைஞர் ஒருவர் அக்கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பான ஒன்றைக் கண்டு மயங்கிப் பல நாள் கூலியை அதற்குக் கொடுக்கிறார். அது கடலில் பெரிய மீன் பிடிப்பதற்கான பருத்த கோல். அதைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் குளத்தில் போடுகிறார். குளத்து மீனோ விரல் நீளந்தான். அது இரையைக் கொத்துவதும் கைக்குத் தெரியவில்லை. முள்ளும் அதன் வாய்க்குள் நுழையவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கோல் வீட்டுக் கூரையில் செருகப்பட்டுவிடுகிறது. குற்றம் கருவியினுடையதன்று; தேர்வில் நேர்ந்த பிழை. இப்பிழையைத் தவிர்ப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நீரைப் பாருங்கள்

நீருக்கேற்ற மீன்; மீனுக்கேற்ற கருவி. இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஆகவே கடைக்குப் போகுமுன், நாம் வழக்கமாகப் போகக்கூடிய நீர்நிலைக்கு ஒருமுறை வெறுங்கையோடு போய்வர வேண்டும். அங்கே நின்று நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

நீர் நிற்கிறதா, ஓடுகிறதா? தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா? கரையோரம் ஆழமா, ஆழமற்றதா? நீருக்கடியில் இருப்பது சேறா, மணலா, பாறையா, மரவேரா, பாசியா?

இந்த நான்குக்கும் விடை தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிட்டது. ஓடும் நீருக்குக் கனமான ஈயம் வேண்டும். தெளிந்த நீரில் மீன் பருத்த நரம்பைக் கண்டு ஒதுங்கும். ஆகவே மெல்லிய நரம்பு வேண்டும். வேரும் பாசியும் மண்டிய இடத்திலோ மெல்லிய நரம்பு அறுந்துபோகும். அங்கே வலிமையே முதன்மை.

கருவியின் உறுப்புகள்

தூண்டிற் கருவிக்கு ஐந்து உறுப்புகள்: கோல், உருளை, நரம்பு, முள், ஈயம். தக்கையையும் சேர்த்தால் ஆறு.

கோல், மூங்கிலாலும் ஆகலாம். கண்ணாடி இழையாலும் ஆகலாம். கரிம இழையாலும் ஆகலாம். கரிம இழைக்கோல் மிக இலேசானது. மீன் கொத்துவதை உடனே கைக்கு உணர்த்தும். ஆனால் விலை கூடியது. கல்லில் மோதினாலோ கதவிடுக்கில் சிக்கினாலோ எளிதில் ஒடியும். கண்ணாடி இழைக்கோல் சற்றே கனமானது. ஆயினும் அடிபட்டாலும் தாங்கும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போகிறவர்க்கு இதுவே ஏற்றது.

உருளை என்பது ரீல். தொடங்குவோர்க்கு ஏற்றது, கோலுக்குக் கீழே தொங்குமாறு பொருத்தப்படும் 'ஸ்பின்னிங்' வகை. கோலுக்கு மேலே அமரும் வகையில், எறியும்போது சுழற்சியைப் பெருவிரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு சிக்கிப் பறவைக் கூடுபோல் ஆகிவிடும். கை பழகிய பின் அதனை வாங்கிக்கொள்ளலாம்.

நரம்பு, பேச்சு வழக்கில் தங்கூசி எனப்படுவது. அதன் வலிமை பவுண்டுக் கணக்கில் உறையின்மேல் குறிக்கப்பட்டிருக்கும். ஒற்றை இழை நைலான் சற்று நீண்டு கொடுக்கும், விலை குறைவு, முடிச்சுப் போட எளிது. பின்னல் நரம்பு அதே வலிமையில் மிக மெல்லியதாக இருக்கும், நீளாது, பாசியை அறுத்துக்கொண்டு வரும், ஆனால் கூர்மையான பாறையில் உரசினால் விரைவில் அறுபடும்.

முள்ளின் எண் பலரைக் குழப்புகிறது. 12, 10, 8, 6 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1 என்பதைக் கடந்தபின் 1/0, 2/0, 3/0 என எண் கூடக் கூட முள் பெரிதாகும். மீனின் உடலைப் பார்த்தன்று, அதன் வாயைப் பார்த்தே முள்ளைத் தேர வேண்டும்.

தோட்டத்துக் கால்வாயும் குளமும்

நமக்கு மிக அருகில் உள்ளவை தோட்டத்துக் கால்வாய்களும் குளங்களும் சதுப்புகளுமே. அங்கே செப்பாட், பனையேறிக் கெண்டையாகிய புயூ, திலாப்பியா, கெளுத்தி, விரால் ஆகியவை வாழ்கின்றன.

செப்பாட்டுக்கும் புயூவுக்கும் உருளையே வேண்டியதில்லை. 10 முதல் 12 அடி வரையுள்ள மூங்கிற்கோல், அதே நீளத்திற்கு 4 முதல் 6 பவுண்டு நரம்பு, 10 அல்லது 12 ஆம் எண் முள், ஒரு சிறு தக்கை, அதனை நேராக நிறுத்தும் அளவுக்கு ஒரு துளி ஈயம்: இவ்வளவே. மண்புழுவின் சிறு துண்டு இரையாகப் போதும். திலாப்பியாவுக்கு 6 அல்லது 8 ஆம் எண் முள்ளும், ரொட்டியையோ மாவையோ பிசைந்த உருண்டையும் ஏற்றவை.

கெளுத்தி அடிச்சேற்றில் திரிவது. கண்ணைவிட மணத்தையும் மீசையின் உணர்வையும் நம்பி இரை தேடுவது. ஆகவே தக்கையை நீக்கி, ஈயத்தால் இரையை அடியில் கிடத்த வேண்டும். கோழிக் குடலும் ஈரலும் அதற்கு விருப்பமானவை. மாலை மயங்கியபின் அது மிகுதியாக இரை எடுக்கும். அதன் பக்கத் துடுப்புகளில் உள்ள முள் கடுமையாகக் குத்தும். முள்ளைக் கழற்றும்போது ஈரத் துணியால் தலைக்குப் பின்னே இறுகப் பிடிக்க வேண்டும்.

விரால் காற்றை மூச்சிழுக்க நீர்மட்டத்துக்கு வருவது. ஆம்பலும் புல்லும் மண்டிய இடத்தில் குமிழி எழுவதைக் கண்டால் அங்கே அது இருக்கக்கூடும். அது சிக்கியதும் பாசிக்குள் புகுந்துகொள்ளும். உடனே இழுத்து வெளிக்கொணராவிட்டால் மீன் போய்விடும். ஆகவே 6 முதல் 6½ அடி வரையுள்ள குட்டையான, விறைப்பான கோலும், 20 முதல் 30 பவுண்டு பின்னல் நரம்பும் வேண்டும். பாசியில் சிக்காதபடி முள் மறைந்திருக்கும் இரப்பர்த் தவளையை நீர்மேல் துள்ளத் துள்ள இழுத்தால் விரால் பாய்ந்து கௌவும்.

கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள்

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டிய குழிகள் நீர் நிரம்பிக் குட்டைகளாகக் கிடக்கின்றன. 1985 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபின் எண்ணற்ற சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றின் குழிகள் இன்று மீன்களின் இருப்பிடம். திலாப்பியாவும் விராலும் தொமானும் அங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட மயில் பாஸ் என்னும் மீனும் பல குட்டைகளில் பெருகியுள்ளது.

நீர் பெரும்பாலும் திறந்த வெளியாக இருப்பதால் இங்கே தொலைவாக எறிய வேண்டியிருக்கும். 6½ முதல் 7 அடிக் கோல், 2500 என எண்ணிட்ட உருளை, 10 முதல் 12 பவுண்டு நரம்பு ஆகியவை பொருந்தும். சிறு மீன்போலச் செய்யப்பட்ட போலி இரையை எறிந்து இழுக்கலாம். தொமானுக்குக் கூரிய பல் உண்டு. அதனை நாடுவோர் முள்ளுக்கு முன்னே ஒரு சாண் நீளத்திற்கு மெல்லிய எஃகுக் கம்பியைச் சேர்க்க வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஈயக்குட்டையின் கரை மற்றக் குளங்களின் கரை போன்றதன்று. இயற்கையான குளம் படிப்படியாக ஆழமாகும். இக்குட்டையோ கரையை விட்டு இரண்டடி வைத்தாலே ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு இறங்கிவிடக்கூடும். மணற்கரை காலடியில் சரியும். சிக்கிய முள்ளை எடுக்க நீரில் இறங்கவே கூடாது. ஒரு முள்ளின் விலை சில காசு. நரம்பை அறுத்துவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம்.

ஓடும் ஆறு

ஆற்றில் லம்பாம், பாத்தின், செபாராவ், மேல்நீர்ப் பாறைப் பகுதிகளில் கெலா ஆகிய மீன்கள் உண்டு. நீரின் வேகத்தைப் பொறுத்தே ஈயம் அமையும். உருண்டையான ஈயம் நீரோட்டத்தில் உருண்டு கரைக்கே வந்து சேரும். தட்டையான ஈயம் அடியில் படிந்து நிற்கும். இரை இட்டு மூன்று நிமிடத்தில் நரம்பு கரையோரம் வந்துவிட்டால் ஈயம் போதவில்லை என்று பொருள்.

பாறையிடுக்கில் ஈயம் சிக்குவது ஆற்றில் அன்றாட நிகழ்ச்சி. அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. ஈயத்தை மட்டும் முதன்மை நரம்பைவிட வலிமை குறைந்த ஒரு துண்டு நரம்பால் கட்டுங்கள். சிக்கினால் அத்துண்டு மட்டும் அறும். மீனும் முள்ளும் தப்பும்.

லம்பாம் கரையோர மரங்களிலிருந்து விழும் கனிகளை உண்ணும். செம்பனைப் பழத்தின் சதை அதற்கும் பாத்தினுக்கும் நல்ல இரை. செபாராவ் சிறு மீன்களைத் துரத்தி உண்பது. கரண்டிபோல் மின்னும் உலோகத் தகட்டை விரைவாக இழுத்தால் அது தாக்கும். இவற்றுக்கு 7 அடிக் கோலும் 12 பவுண்டு நரம்பும் போதும். பெரிய பாத்தினுக்கு மட்டும் 20 பவுண்டு வேண்டும்.

அணைக்கட்டு ஏரியும் முகத்துவாரமும்

திரங்கானுவின் கென்யிர் ஏரியும் பேராக்கின் தெமெங்கோர் ஏரியும் அணைகட்டித் தேக்கியதால் உண்டானவை. காடு மூழ்கிய ஏரிகளாதலால் நீருக்குள் பட்ட மரங்கள் நிற்கின்றன. தொமானும் செபாராவும் அம்மரங்களிடையே வாழ்கின்றன. அங்கே படகும் வலிய கருவியும் வழிகாட்டியும் தேவை. தொடக்கக்காரர் தம் முதல் கருவியை இந்த ஏரிகளை மனத்திற்கொண்டு வாங்கவேண்டியதில்லை. ஆண்டுக்கொருமுறை நண்பர்களோடு போகும்போது, உரியதை இரவல் பெறுவதே சிக்கனம். படகில் ஏறுமுன் மிதவைச் சட்டை அணிவது மட்டும் இரவலுக்கும் விலக்கன்று.

கடலோரத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு முகத்துவாரம் அருகில் இருக்கும். கண்டல் மரங்களின் வேரோரம் கொடுவாவாகிய சியாக்காப் பதுங்கியிருக்கும். இங்கே கடிகாரத்தைவிடக் கடலின் ஏற்றவற்றமே முக்கியம். நீர் ஏறும்போதோ இறங்கும்போதோ மீன் இரை தேடும். நீர் அசைவற்று நிற்கும் வேளையில் சோர்ந்திருக்கும். 7 முதல் 8 அடிக் கோல், 4000 எண் உருளை, 20 பவுண்டு நரம்பு, 2/0 முதல் 4/0 வரையுள்ள முள், உயிருள்ள இறால் இரை ஆகியவை பொருந்தும். வீடு திரும்பியதும் கருவியை நன்னீரால் கழுவித் துடைக்க வேண்டும். உப்பு, உருளையின் உள்ளே புகுந்து அதனைத் தின்றுவிடும். முகத்துவாரத்தில் அகப்படும் செம்பிலாங் என்னும் கடற்கெளுத்தியின் முள் நச்சுடையது. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அவ்விடத்தை வைத்து, மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.

முதலில் எதை வாங்குவது?

இத்தனை நீருக்கும் இத்தனை கருவியா என்று மலைக்க வேண்டாம். முதல் ஆண்டுக்கு இரண்டே போதும். ஒன்று, நாமே வெட்டி நிழலில் காயவைத்த மூங்கிற்கோல். மற்றொன்று, 6½ முதல் 7 அடி வரையுள்ள நடுத்தரக் கண்ணாடி இழைக்கோலும், 2500 எண் உருளையும், 12 பவுண்டு நைலான் நரம்பும். இவ்விரண்டும் குளம், குட்டை, சிற்றாறு ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். முள்ளும் ஈயமும் மட்டும் நீருக்கேற்ப மாறும், அவை மலிவானவை.

கடையில் மூன்றைச் சோதியுங்கள். கோலின் வளையங்களுக்குள் சிறிது பஞ்சை நுழைத்துச் சுழற்றுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே வெடிப்பு உள்ளது. அது நரம்பை அறுக்கும். கோலின் அடியில் அச்சிட்ட நரம்பின் அளவும் நீங்கள் வாங்கும் நரம்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உருளையின் கைப்பிடியைச் சுழற்றுங்கள். அரைக்கும் ஒலியோ தடங்கலோ இருக்கக்கூடாது.

உருளையில் ஓர் இழுவைத் திருகு இருக்கும். பெரிய மீன் வலித்து இழுக்கும்போது நரம்பு அறாமல் சிறிது நழுவிக்கொடுப்பது அத்திருகினால்தான். நரம்பின் வலிமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அதை அமைக்க வேண்டும். 12 பவுண்டு நரம்புக்கு அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஒன்றரை லிட்டர் புட்டியில் நீர் நிரப்பி நரம்பு நுனியில் கட்டி, கோலால் மெல்லத் தூக்குங்கள். புட்டி தரையை விட்டு எழும் தறுவாயில் நரம்பு நழுவத் தொடங்கினால் அளவு சரி.

முடிச்சும் கற்க வேண்டியதே. நரம்பை முள்ளின் கண்ணில் நுழையுங்கள். நுனியை முதன்மை நரம்பின்மேல் ஐந்து அல்லது ஆறு முறை முறுக்குங்கள். பிறகு கண்ணருகே உண்டான சிறு வளையத்தில் நுனியை நுழைத்து, நீரால் நனைத்து, மெல்ல இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டால் நரம்பு வலுவிழக்கும். சிறு ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு, அது தீது. ஈயம் நஞ்சு. இடுக்கியைப் பயன்படுத்துங்கள்; உண்ணுமுன் கைகழுவுங்கள்; ஈயமும் முள்ளும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

மீனைவிட உயிர் பெரிது

நம் நாட்டில் பிற்பகல் வேளையே இடிமழையின் வேளை. நாம் தூண்டில் போடும் வேளையும் அதுவே. கரிம இழைக்கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலையும் நம்ப முடியாது. மின்னலைக் கண்டு முப்பது எண்ணுமுன் இடியொலி கேட்டால் உடனே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடியொலிக்குப்பின் 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். நாள்தோறும் பழகிய இரப்பர் மரமாயினும் அதனடியில் ஒதுங்குவது ஆபத்து. மின்கம்பிகளின் கீழ் நீண்ட கோலை உயர்த்துவதும் அத்தகையதே.

மலையாற்றில் தூண்டில் போடும்போது மேற்பகுதியில் பெய்யும் மழையை நாம் காண்பதில்லை. நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ கருவியைத் தேடிக்கொண்டிராமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தனியே செல்லாதீர்கள், செல்லுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். இரப்பர் ஆலையின் கழிவுநீர் கலக்கும் ஓடையில் பிடித்த மீனை உண்ணாதீர்கள்.

சட்டமும் கடமையும்

வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன்பிடிப்பதை 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளதால் மாநிலந்தோறும் தனி விதிகள் உண்டு. அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து செல்வது நல்லது. தோட்டத்துக் குளமாயின் நிர்வாகத்தின் இசைவு வேண்டும். தூபா வேரை இடித்து நீரில் கலப்பதும், மின்கலத்தால் கால்வாயில் மீன் பிடிப்பதும் பெரிய மீனோடு குஞ்சையும் முட்டையையும் அழிக்கும். மின்கல முறை, பிடிப்பவரின் உயிரையே வாங்கிவிடக்கூடும்.

விராலும் தொமானும் தம் குஞ்சுகளைக் காத்து நிற்பவை. நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அங்கே தூண்டில் போடுதல் ஆகாது. தாய் போனால் அக்குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அடுத்த ஆண்டு நமக்கு மீனில்லை. அறுந்த நரம்பையும் கரையில் எறியாமல் சுருட்டி எடுத்து வாருங்கள். நைலான் எளிதில் மக்காது, பறவையின் காலைச் சுற்றிக்கொள்ளும்.

நல்ல தூண்டில் விலையுயர்ந்த தூண்டிலன்று. நாம் நிற்கும் நீருக்குப் பொருந்துவதே நல்ல தூண்டில். வருகிற ஓய்வு நாளில் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கரைக்குச் சென்று, அந்த நான்கு கேள்விகளையும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். விடை கண்டபின் மூங்கில் வெட்டப் போகலாம்.